மிட்டாயை மறுத்த சிறுமிகள்

சிகாகோ என்றதும் நம் தோழர்களின் கண்முன் மே நாள்தான் வந்து நிற்கும். 1886-ல் எட்டு மணி நேர வேலை கேட்டு எழுந்த கிளர்ச்சியும், அதையொட்டி எழுப்பப்பட்ட தூக்குமேடையும் அந்த நகரின் பெயரோடு ஒட்டிக்கொண்டுவிட்டன. 1923-ல் சிங்காரவேலர் சென்னைக் கடற்கரையில் மே நாள் கொண்டாடினாரே, அன்று தொட்டு மேடைதோறும் அதைப் பேசிவருகிறோம். ஆனால் அதே சிகாகோவில், அந்தக் கிளர்ச்சிக்கு மூன்றே ஆண்டுகளுக்குப் பின்னால், பாட்டாளிகள் வாழும் தெருவிலே வந்து குடியேறிய ஒரு பெண்மணியைப் பற்றி நாம் பேசியது குறைவு. இன்று பேசுவோம்.

ஜேன் ஆடம்ஸ் என்பது அவர் பெயர். 1860-ல் இல்லினாய்ஸ் மாநிலத்தின் சீடர்வில் என்ற சிற்றூரில் பிறந்தவர். தந்தையார் ஆலைக்காரர், மாநில மேல்சபை உறுப்பினர், ஆபிரகாம் லிங்கனுக்கு நண்பர். வீட்டிலே வறுமை இல்லை. ஆனால் தாயார் மறைந்தபோது குழந்தைக்கு வயது இரண்டு. முதுகெலும்பு நோய் வேறு. ஏழு வயது நிறையுமுன்பே தந்தையோடு ஆலைப்பகுதிக்குப் போனவர், நெருக்கியடித்து நிற்கும் குடிசைகளைப் பார்த்துவிட்டு, தான் வளர்ந்ததும் பெரிய வீடு கட்டுவேன், ஆனால் அதைப் பெரிய வீடுகளின் நடுவே கட்டமாட்டேன், இந்தக் குடிசைகளின் நடுவேதான் கட்டுவேன் என்றாராம். சீமான் வீட்டுக் குழந்தைகள் இப்படிப் பலவும் சொல்லும். வளர்ந்ததும் மறந்துவிடும். இவர் மறக்கவில்லை!

1881-ல் கல்லூரிப் படிப்பு முடிந்தது. அதே ஆண்டில் தந்தையார் இறந்தார். மருத்துவம் படிக்கப் போனார், உடல்நலம் இடங்கொடுக்கவில்லை. ஐரோப்பாவைச் சுற்றினார். இலண்டன் கிழக்குப் பகுதியில் ஒரு சனிக்கிழமை இரவு, அழுகத் தொடங்கிய காய்கறிகளை ஏலம் எடுக்க ஏழை மக்கள் கைகளை உயர்த்தி நின்ற காட்சி அவரை உலுக்கிற்று. அதே பகுதியில் படித்த இளைஞர்கள் ஏழைகளோடு குடியிருந்து பணியாற்றிய டாயின்பி மண்டபத்தை 1888-ல் கண்டார். வழி தெரிந்தது. தோழி எலன் ஸ்டாரோடு சிகாகோ திரும்பி, 1889 செப்டம்பர் 18-ல் ஹால்ஸ்டெட் தெருவில் பழைய மாளிகை ஒன்றில் குடிபுகுந்தார். ஒரு பக்கம் பிணப்பெட்டி விற்பவன் கடை, மறுபக்கம் மதுக்கடை! சுற்றிலும் இத்தாலியர், கிரேக்கர், ஐரிஷ்காரர், ரஷ்யாவிலிருந்து உயிர்தப்பி வந்த யூதர். அந்த வீட்டின் பெயர் ஹல் இல்லம்.

தொடக்கத்தில் அவருக்கு இருந்தது நல்ல மனம் மட்டுந்தான். ஓவியம் காட்டுவது, கதை படிப்பது, தேநீர் தருவது — இவைபோதும் என்று எண்ணி வந்தவர்தான். பாடம் கற்பித்தவர்கள் அந்தத் தெருவின் பிள்ளைகள்!

முதல் கிறிஸ்துமஸ் வந்தது. சிறுமிகளை அழைத்து மிட்டாய் கொடுத்தார்கள். சில சிறுமிகள் வாங்க மறுத்தார்கள். எந்தக் குழந்தையாவது மிட்டாயை வேண்டாமென்று சொல்லுமா? காரணம் கேட்டார் ஆடம்ஸ். அவர்கள் மிட்டாய்த் தொழிற்சாலையில் வேலை பார்ப்பவர்கள். பண்டிகைக்காக ஆறு வாரமாகக் காலை ஏழு மணி முதல் இரவு ஒன்பது மணி வரை மிட்டாயோடு கிடந்தவர்கள். மிட்டாயைக் கண்ணால் காணவும் அவர்களுக்குப் பொறுக்கவில்லை!

அதே குளிர்காலத்தில், இல்லத்துச் சங்கத்தைச் சேர்ந்த மூன்று சிறுவர்கள் பக்கத்துத் தொழிற்சாலையில் ஒரே இயந்திரத்தில் ஒருவர்பின் ஒருவராக அடிபட்டார்கள். ஒருவன் செத்தான். சில டாலர் செலவிலே ஒரு தடுப்புப் பொருத்தியிருந்தால் மூவருமே தப்பியிருப்பார்கள். ஆலைக்காரர்கள் பதறி ஓடிவந்து ஆவன செய்வார்கள் என்று எதிர்பார்த்தார் ஆடம்ஸ். ஒருவரும் வரவில்லை. வேலையில் சேர்க்கும்போதே, விபத்து நேர்ந்தால் இழப்பீடு கேட்கமாட்டோம் என்று பெற்றோரிடம் கையெழுத்து வாங்கி வைத்திருந்தார்கள்! பெற்ற மகனின் உயிருக்கு முன்கூட்டியே விடுதலைப் பத்திரம்! நாம் ஆலை வாயில்களில் இப்படிப்பட்ட தாள்களைப் பற்றிக் கேள்விப்படாதவர்கள் அல்லர். அதனால் இதைப் படித்தபோது வியப்பு வரவில்லை, ஆத்திரமே வந்தது.

இன்னொரு சிறுமி. வயது 13. சலவைக்கூடத்தில் வயதுக்கு மீறிய பளுவான வேலை. தோழியிடம் மூன்று டாலர் கடன் வாங்கியிருந்தாள். திருப்பித் தரவேண்டுமானால் பெற்றோரிடம் சொல்லி, ஒரு வாரக் கூலி முழுவதையும் தந்தாகவேண்டும். யாரிடமும் வாய்திறக்காமல் உயிரை மாய்த்துக்கொண்டாள். மூன்று டாலர்!

தாய் வேலைக்குப் போகும் வீடுகளின் கதை வேறு. பூட்டிய அறைக்குள் விடப்பட்ட பிள்ளைகளில் ஒன்று மூன்றாம் மாடியிலிருந்து விழுந்தது. ஒன்று தீயில் வெந்தது. ஒன்று, மூன்றாண்டுகள் பகல் முழுதும் சமையலறை மேசைக் காலில் கட்டப்பட்டே கிடந்து, முதுகு வளைந்துபோயிற்று. தாய்மாரைத் திட்டித் தீர்க்கச் சிகாகோவில் ஆட்கள் நிறைய இருந்தார்கள். குழந்தையைப் பார்த்துக்கொள்ளப் பகல் காப்பகம் திறந்தவர் ஆடம்ஸ்.

ஒன்றன்பின் ஒன்றாக ஏற்பாடுகள் முளைத்தன. வேலை முடிந்து வரும் பிள்ளைகளுக்கு மாலை வகுப்பு, உடற்பயிற்சிக் கூடம், குளிக்க இடம், நகரின் முதல் பொது விளையாட்டுத் திடல்களில் ஒன்று. இவற்றுள் நம்மை மிகவும் கவர்ந்தது பெண்களின் தங்கும் விடுதிதான். ஒரு காலணித் தொழிற்சாலையில் பெண்கள் வேலைநிறுத்தம் செய்தார்கள். முதலில் பணிந்துபோனவர்கள் யார்? கோழைகளா? இல்லை! வாடகைக்குத் தங்கியிருந்த பெண்கள்! பாக்கி ஏறினால் வீட்டுக்காரர் தெருவில் தள்ளுவாரே என்ற அச்சம். இதைப் பேசிப்பேசி, நமக்கென்று ஒரு விடுதி இருந்தால் நாம் பணியவேண்டியதில்லையே என்ற முடிவுக்கு அந்தப் பெண்களே வந்தார்கள். 1891-ல் முதல் மாத வாடகையை இல்லம் கொடுத்தது. பிறகு எல்லாவற்றையும் அவர்களே நடத்திக்கொண்டார்கள். மேற்பார்வைக்கு ஒரு சீமாட்டி கிடையாது. தொழிற்சங்கம் நடத்தும் தோழர்கள் இதை ஒரு தடவைக்கு இரு தடவை படிக்கவேண்டும்.

அந்த விடுதிக்குக் கட்டடம் கட்ட இருபதாயிரம் டாலர் தர ஒருவர் முன்வந்தார். தன் நிறுவனத்துப் பெண்களுக்குக் குறைந்த கூலி கொடுப்பதில் பெயர்போனவர் அவர். வேண்டாமென்று மறுத்தார் ஆடம்ஸ்.

1891 கடைசியில் ஃபிளாரன்ஸ் கெல்லி என்னும் பெண்மணி இல்லத்துக்கு வந்து சேர்ந்தார். ஏங்கெல்ஸ் எழுதிய இங்கிலாந்துத் தொழிலாளர் நிலை பற்றிய நூலை ஆங்கிலத்தில் மொழிபெயர்த்தவர். வீட்டுத் தையற்கூடங்களுக்குள் ஏறி இறங்கிக் கணக்கெடுத்தார். நான்கு வயதுக் குழந்தை விடியல் முதல் இரவு வரை தாயின் பக்கத்தில் உட்கார்ந்து ஓட்டுத்தையல் நூலைப் பிரித்தெடுக்கும் காட்சி அந்தத் தெருவில் உண்டு. சட்டம் வேண்டும் என்று கிளம்பினார்கள். சட்டத்தை விட்டுவிட்டால் இல்லத்துக்கு ஐம்பதாயிரம் டாலர் கிடைக்கும் என்று தூது வந்தது! ஆடம்ஸ் அசையவில்லை. சங்கம் சங்கமாக, மாதா கோயில் மாதா கோயிலாகப் போய்ப் பேசினார்.

1893-ல் சட்டம் வந்தது. 14 வயதுக்குக் கீழ்ப்பட்டவர்களுக்குத் தொழிற்சாலையில் வேலையில்லை. பெண்களுக்கு எட்டு மணி நேரம். சட்டத்தைக் காக்கப் பன்னிரண்டு ஆய்வாளர்கள், அவர்களுக்குத் தலைமை கெல்லி! கையெழுத்திட்ட ஆளுநர் ஆல்ட்கெல்ட் யார் தெரியுமா? 1886 வழக்கில் சிறையில் எஞ்சியிருந்த மூவரையும் அதே ஆண்டில் விடுவித்தவர். ஆனால் 1895-ல் மாநில உச்சநீதிமன்றம் எட்டு மணி நேரப் பிரிவைச் செல்லாதென்றது. சுருக்கு முதலாளிக்கு விழுந்தால் அவிழ்க்க நீதிமன்றம் இருக்கிறது.

அதே 1895-ல் தெருக் குப்பை பற்றி முறையிட்டு அலுத்துப்போய், குப்பை அள்ளும் ஒப்பந்தத்தையே கேட்டு மனுப் போட்டார் ஆடம்ஸ். ஒப்பந்தம் கிடைக்கவில்லை, குப்பை ஆய்வாளர் பதவி கிடைத்தது. காலை ஆறு மணிக்கே எழுந்து வண்டிகளின் பின்னால் நடந்தார். ஒரு குறுகிய தெருவில் குப்பையைத் தோண்டத் தோண்ட, பதினெட்டு அங்குலத்துக்குக் கீழே கல் பாவிய பழைய பாதை தென்பட்டது!

1899-ல் சிறுவர்க்கெனத் தனி நீதிமன்றம் சிகாகோவில் ஏற்பட்டது. அமெரிக்காவிலேயே முதலாவது அதுதான். பிடிபட்ட சிறுவனைப் பெரியவர்களோடு கொட்டடியில் அடைக்காமல், பொறுப்பாளர் ஒருவர் பார்வையில் வீட்டுக்கே அனுப்பும் முறை வந்தது. முதல் பொறுப்பாளரான அல்ஜீனா ஸ்டீவன்ஸ் ஹல் இல்லத்தில் வாழ்ந்தவர். ஈயம் தொழிலாளியின் உடலில் ஏறி அவனை முடக்குவதை ஆராய்ந்து நிலைநாட்டிய மருத்துவர் ஆலிஸ் ஹாமில்டனும் அங்கே தங்கியிருந்தவரே. 1912-ல் அமெரிக்க அரசு குழந்தைகள் நலனுக்கு ஒரு துறை அமைத்தபோது, அதற்குத் தலைமை ஏற்ற ஜூலியா லாத்ரப்பும் அங்கிருந்து போனவர்தான்.

குறையும் சொல்லியாக வேண்டும். 1894-ல் புல்மன் இரயில் பெட்டித் தொழிலாளர்கள் போராடியபோது ஆடம்ஸ் சமரசம் பேசவே முயன்றார். முதலாளிக்கும் தொழிலாளிக்கும் நடுவே நின்று இருவரையும் இணைத்துவிடலாம் என்ற நம்பிக்கை அவருக்குக் கடைசிவரை இருந்தது. அதில் நமக்கு உடன்பாடில்லை.

முதல் உலகப் போரை எதிர்த்தார். நேற்று வரை போற்றிய ஏடுகள் தூற்றின. 1931-ல் அமைதிக்கான நோபல் பரிசு அவரைத் தேடி வந்தது. 1935 மே 21-ல் மறைந்தார். இல்லத்தில் கிடத்தப்பட்ட உடலைப் பார்க்க அக்கம்பக்கத்து மக்கள் ஆயிரக்கணக்கில் வரிசையில் வந்தார்கள். குழந்தைத் தொழிலுக்கு எதிராக 1916-ல் வந்த நாடு தழுவிய சட்டத்தை உச்சநீதிமன்றம் 1918-ல் செல்லாதென்று தள்ளியிருந்தது. நிலைத்து நின்ற சட்டம் 1938-ல் வந்தது. ஆடம்ஸ் அதைப் பார்க்கவில்லை.

1960களில் பல்கலைக்கழகம் கட்டுவதற்காக இல்லத்துக் கட்டடங்களில் பெரும்பாலானவற்றை இடித்தார்கள். பணிகளை வேறிடங்களில் தொடர்ந்துவந்த சங்கம், பணமில்லை என்று 2012 ஜனவரியில் மூடப்பட்டது. ஹால்ஸ்டெட் தெருவில் அந்தப் பழைய மாளிகை அருங்காட்சியகமாக நிற்கிறது.