நாட்டுக்குப் பெயர் சூட்டிய வீரர்

கொலம்பியா என்ற பெயரைக் கேட்டதும் கொலம்பஸ் நினைவு வரும். பெயர் அவருடையதுதான். ஆனால், இன்று கொலம்பியா எனப்படும் மண்ணில் கொலம்பஸ் காலடி வைத்ததே இல்லை!

பிறகு அந்தப் பெயர் எப்படி வந்தது? அதைச் சூட்டியவர் சைமன் பொலிவார். அவர் சூட்டியது இன்றைய நாட்டுக்கு மட்டும் அல்ல. பல பிரதேசங்களைச் சேர்த்து அவர் உண்டாக்கிய ஒரு பெரிய நாட்டுக்கு!

செல்வர் வீட்டுப் பிள்ளை

தென் அமெரிக்காவின் வட பகுதியில் உள்ள நாடு, வெனிசுலா. அங்கே கரகாஸ் நகரில், 1783-ம் ஆண்டு ஜூலை 24-ந் தேதி பொலிவார் பிறந்தார். பணத்துக்குக் குறைவு இல்லை. ஆனால், குழந்தைப் பருவத்திலேயே தந்தை இறந்தார். ஒன்பது வயதுக்குள் தாயும் இறந்தாள். ஹிப்போலித்தா என்ற அடிமைப் பெண்தான் அவருக்குப் பாலூட்டி வளர்த்தாள்.

18-வது வயதில் ஸ்பெயினில் மரியா தெரசா என்ற பெண்ணை மணந்தார். ஊருக்கு அழைத்து வந்த சில மாதங்களில், அவள் காய்ச்சலில் இறந்துபோனாள். பொலிவார் மறுமணம் செய்துகொள்ளவே இல்லை.

அப்போது தென் அமெரிக்காவின் பெரும் பகுதியை ஸ்பெயின் அரசர் ஆண்டு வந்தார். அந்த ஆட்சியை ஒழிப்பதாக, 1805-ல் ரோம் நகரக் குன்று ஒன்றில் பொலிவார் சபதம் செய்தார்.

பெயருக்குச் சொந்தக்காரர்

கொலம்பியா என்ற பெயரை முதலில் பரப்பியவர் மிராண்டா என்ற கிழவர். ஸ்பெயினுக்கு அடிமைப்பட்ட அமெரிக்க நாடுகள் எல்லாம் அந்தப் பெயரில் ஒன்றாக வேண்டும் என்பது அவர் கனவு. 1812-ல் வெனிசுலாவின் புரட்சி தோற்றது. மிராண்டா எதிரியோடு உடன்பாடு செய்துகொண்டார். இது துரோகம் என்று பொலிவாரும் நண்பர்களும் கொதித்தார்கள். கப்பல் ஏற இருந்த மிராண்டாவைப் பிடித்து அடைத்தார்கள். அவர் அப்படியே ஸ்பானியர் கையில் சிக்கினார். 1816-ல் ஸ்பெயின் நாட்டுச் சிறையில் உயிர் விட்டார்.

பொலிவார் வாழ்க்கையில் இது ஒரு கறை. எத்தனை வெற்றி பெற்றும் அது அழியவில்லை. ஆனால், கிழவர் விட்டுச்சென்ற பெயரை அவர் விடவில்லை. 1815-ல் ஜமைக்கா தீவில் தஞ்சம் புகுந்திருந்தபோது ஒரு நீண்ட கடிதம் எழுதினார். வெனிசுலாவும் பக்கத்தில் உள்ள நியூ கிரனடாவும் ஒரே நாடாகி, கொலம்பியா என்று பெயர் பெற வேண்டும் என்று அதில் சொன்னார்.

பனிமலையில் படை

1819-ல் அவர் வெள்ளக்காடான சமவெளியைக் கடந்து, ஆண்டீஸ் மலையில் படையை ஏற்றினார். வீரர்கள் வெப்பமான நாட்டுக்காரர்கள். பலருக்குப் போர்த்திக்கொள்ளத் துணி இல்லை. குளிரில் ஆட்களும் குதிரைகளும் மடிந்தன. ஆனாலும், ஆகஸ்டு 7-ந் தேதி போயகா என்ற இடத்தில் வெற்றி கிடைத்தது.

டிசம்பர் 17-ந் தேதி கொலம்பியா பிறந்தது. வெனிசுலா, நியூ கிரனடா, கீட்டோ என்று மூன்று பகுதிகள். இதில் ஒரு வேடிக்கை: கீட்டோ இன்னும் ஸ்பெயின் கையில்தான் இருந்தது! அங்குள்ள மக்களை யாரும் கேட்கவில்லை. 1821-ல் பனாமா தானாக வந்து சேர்ந்தது. 1822-ல் தளபதி சூக்ரே போரில் வென்ற பிறகே கீட்டோ வந்தது.

1825-ல் இன்னொரு புதிய நாடு பொலிவாரின் பெயரையே தனக்குச் சூட்டிக்கொண்டது. அதுதான் பொலிவியா.

மூன்று துண்டுகள்

பெயர் ஒன்றானது, மனம் ஒன்றாகவில்லை. நடுவே மலைகளும் காடுகளும் கிடந்தன. தலைநகர் பொகோட்டாவின் கட்டளை கரகாஸ் போய்ச் சேரப் பல வாரங்கள் ஆகும். தொலைவில் இருந்து வந்த ஆட்சி கரகாஸ்காரர்களுக்குக் கசந்தது. 1826-ல் வெனிசுலாவில் கலகம் மூண்டது. நாட்டைக் காக்கப் பொலிவார் சர்வாதிகாரம் ஏற்றார். அது பகையை வளர்த்தது. 1828 செப்டம்பர் 25-ந் தேதி இரவு, கொலைகாரர்கள் மாளிகைக்குள் புகுந்தார்கள். காதலி மனுவேலா அவரை ஜன்னல் வழியாகத் தப்பவைத்தாள்.

1830-ல் அவர் பதவியைத் துறந்தார். அதே ஆண்டில் வெனிசுலா பிரிந்தது. கீட்டோவும் பிரிந்தது, பூமத்தியரேகை அங்கே செல்வதால் ஈக்வடார் என்று பெயர் வைத்துக்கொண்டது. சூக்ரே காட்டுப் பாதையில் சுட்டுக் கொல்லப்பட்டார். நோயாளியான பொலிவார், வெளிநாடு போகக் கடற்கரைக்கு வந்தார். கப்பல் ஏறவில்லை. சாந்தா மார்த்தா அருகே ஒரு பண்ணை வீட்டில் இறந்தார். வயது 47. அன்று டிசம்பர் 17-ந் தேதி. கொலம்பியா பிறந்து சரியாக 11 ஆண்டுகள்!

மிச்சம் இருந்த பகுதி, நியூ கிரனடா என்ற பழைய பெயருக்கே திரும்பியது. 1863-ல் அதன் மாநிலங்கள் கூடி, கொலம்பியா ஐக்கிய நாடுகள் என்று பெயர் வைத்தன. 1886-ல் அது கொலம்பியா குடியரசு ஆயிற்று. பழைய பெரிய நாட்டைப் பிரித்துச் சொல்வதற்காக, சரித்திர ஆசிரியர்கள் அதை மகா கொலம்பியா என்கிறார்கள். பொலிவார் சூட்டிய பெயர் வெறும் கொலம்பியாதான்.

கொலம்பியா, வெனிசுலா, ஈக்வடார் ஆகிய மூன்று நாடுகளின் கொடியிலும் இன்றும் மஞ்சள், நீலம், சிவப்பு நிறங்கள் உள்ளன. அந்த நிறங்களை முதலில் ஏற்றியவர், சிறையில் இறந்த மிராண்டா.