செக்கில் பூட்டப்பட்ட கப்பலோட்டிய தமிழன்

பாளையங்கோட்டையில் வ.உ.சி. மைதானத்தை அறியாதவர் இல்லை. ஆனால் அந்த மைதானத்துக்குப் பெயர் தந்தவர், 1908-ல் இதே ஊர்ச் சிறையில் விசாரணைக் கைதியாக அடைக்கப்பட்டிருந்தார் என்பது நம் பிள்ளைகளில் எத்தனை பேருக்குத் தெரியும்?

1872 செப்டம்பர் 5-ல் ஒட்டப்பிடாரத்தில் பிறந்த வ.உ.சிதம்பரனார், தொழிலால் வழக்கறிஞர். தூத்துக்குடிக்கும் கொழும்புக்கும் இடையிலான கடல் வணிகம் பிரிட்டிஷ் இந்தியா கப்பல் கம்பெனியின் கையில் இருந்தது. அதற்கு எதிராக 1906-ல் சுதேசிக் கப்பல் கம்பெனியைத் தொடங்கினார். மூலதனம் 10 லட்சம் ரூபாய், பங்கு ஒன்று 25 ரூபாய். அதில் 8,000 பங்குகளை, அதாவது 2 லட்சம் ரூபாய்க்கு, வாங்கியவர் ஜனாப் ஹாஜி முகமது பக்கீர் சேட். கம்பெனி வரலாற்றைப் பேசும்போது இந்தப் பெயரை நாமே விட்டுவிடுவதுதான் வேதனை. போட்டிக் கம்பெனியோ கட்டணத்தை அடிமட்டத்துக்குக் குறைத்தது. அதிகாரிகளின் ஆதரவும் அதற்கே இருந்தது.

1908 பிப்ரவரி இறுதியில் தூத்துக்குடி கோரல் மில் தொழிலாளர்கள் வேலைநிறுத்தத்தில் இறங்கினர். நீண்ட வேலை நேரம், சொற்பக் கூலி, விடுமுறை இல்லை. வ.உ.சி.யும் சுப்பிரமணிய சிவாவும் அவர்களோடு நின்றார்கள். சில நாட்களிலேயே நிர்வாகம் இறங்கி வந்து கூலியை உயர்த்தியது; ஞாயிறு விடுமுறையும் கிடைத்தது. கப்பலை விட இந்த வெற்றிதான் ஆட்சியாளர்களை அதிகம் உறுத்தியது என்று நாம் கருதுகிறோம். ஏனெனில் அடுத்த சில நாட்களில், மார்ச் 12-ல், அவர் கைது செய்யப்பட்டார். மறுநாள் திருநெல்வேலி கொந்தளித்தது. துப்பாக்கிச் சூட்டில் இறந்த நால்வரில் ஒருவர் முஸ்லிம். இன்னொருவர் கோயில் பூசாரி.

நீதிபதி பின்ஹே விதித்தது இரட்டை ஆயுள் தண்டனை. மேல்முறையீட்டில் அது குறைந்தது. ஆனால் கோவைச் சிறையில் நடந்ததுதான் நாம் நின்று பார்க்க வேண்டிய இடம். முதலில் சணல் இயந்திரத்தில் வேலை கொடுத்தார்கள். உள்ளங்கைத் தோல் உரிந்து ரத்தம் வந்தது. பிறகு, மாடு இழுக்க வேண்டிய எண்ணெய்ச் செக்கில் அவரைப் பூட்டினார்கள். கொதிக்கும் வெயிலில் அவர் அதை இழுத்தார். 'செக்கிழுத்த செம்மல்' என்று மேடையில் பட்டமாகச் சொல்லிக் கடந்துவிடுகிறோம். அது பட்டமல்ல, கூலியில்லாக் கட்டாய வேலை. கைதியின் உடம்பைக் கசக்கி எண்ணெய் எடுத்தது சிறை நிர்வாகம்.

இரண்டாம் உலகப்போரின்போது ஜெர்மனியில் ஐ.ஜி.பார்பன், க்ரூப் போன்ற பெரும் கம்பெனிகள் ஹிட்லர் அரசின் வதைமுகாம் கைதிகளைத் தங்கள் ஆலைகளில் உழைக்க வைத்தன. முகாமை நடத்தியவர்களுக்குத் தலைக்கு இவ்வளவு என்று நாள் கணக்கில் பணம் போனது. கைதிக்கு ஒன்றும் இல்லை. அதே ஆண்டுகளில் மலாயாத் தோட்டத் தமிழர்களை ஜப்பானிய ராணுவம் சயாம்–பர்மா ரயில் பாதைக்குக் கொண்டு சென்றது; பல்லாயிரம் பேர் திரும்பவில்லை. அந்தக் கொடுமைகளின் அளவோடு கோவைச் சிறையை ஒப்பிட முடியாது. ஆனால் மனிதனை மாட்டின் இடத்தில் வைக்கும் கணக்கு, ஹிட்லருக்கு முன்பே நம் மண்ணில் எழுதப்பட்டிருந்தது.

1912 டிசம்பரில் கண்ணூர்ச் சிறையிலிருந்து அவர் வெளியே வந்தபோது கம்பெனி கலைக்கப்பட்டிருந்தது. அவர் பிரான்சிலிருந்து தருவித்த 'காலியா' கப்பல், எதிர்த்துப் போராடிய அதே கம்பெனிக்கு விற்கப்பட்டிருந்தது. வழக்கறிஞர் உரிமமும் பறிபோயிருந்தது. சென்னையில் அரிசிக் கடை வைத்துப் பிழைத்தார். வறுமையிலும் திருக்குறளுக்கு உரை எழுதினார். 1936 நவம்பர் 18-ல் தூத்துக்குடியில் காலமானார். அவர் இழுத்த செக்கு, சென்னை கிண்டியிலுள்ள காந்தி மண்டப வளாகத்தில் வைக்கப்பட்டிருக்கிறது.