கடலடியில் மூச்சு விட வழி கண்டவர்

கடலுக்கு அடியில் மனிதன் மீனைப் போல நீந்த முடியுமா? முடியும் என்று காட்டியவர் ஜாக் கூஸ்தோ. அந்த வித்தைக்கு அவர் கொடுத்த விலை கொஞ்சமல்ல. சாவின் வாசல் வரை போய் மீண்டார். அருமை நண்பர் ஒருவரைக் கடலுக்குப் பறிகொடுத்தார்.

1910-ம் ஆண்டு ஜூன் 11-ந் தேதி பிரான்சு நாட்டில் பிறந்தவர் கூஸ்தோ. கப்பற்படையில் சேர்ந்தார். விமானம் ஓட்ட வேண்டும் என்பது அவர் ஆசை. கார் விபத்தில் அவர் கைகள் முறிந்தன. ஆசை மண்ணாயிற்று!

கைகளுக்குப் பலம் வருவதற்காக மத்திய தரைக் கடலில் நீந்தினார். ஒரு நாள் நீர்க்கண்ணாடி அணிந்து தண்ணீருக்குள் பார்த்தார். அங்கே புதிய உலகம் ஒன்று தெரிந்தது. அன்று முதல் கடலே அவர் உயிராயிற்று.

உயிர் வாயுவே நஞ்சு

நீருக்குள் மூச்சு விடுவது எப்படி? 1939-ல் சுத்தமான பிராண வாயுவைச் சுவாசித்தபடி ஆழத்தில் இறங்கினார். வலிப்பு கண்டு மயங்கினார். தரையில் உயிர் காக்கும் வாயு, ஆழத்தின் அழுத்தத்தில் நஞ்சாகி விடுகிறது!

1942-ல் யுத்த காலம். பெட்ரோலுக்குப் பஞ்சம். காரை வாயுவால் ஓட்டுவதற்கு எமில் கானியான் என்ற எஞ்சினியர் ஒரு வால்வு செய்திருந்தார். அதை மூச்சு விடும் கருவியாக மாற்ற இருவரும் முனைந்தனர். முதுகில் காற்று அடைத்த சிலிண்டர். மூச்சு இழுக்கும்போது மட்டும், அந்த ஆழத்துக்குத் தக்க அழுத்தத்தில் வால்வு காற்றைக் கொடுக்கும்.

1943 ஜனவரியில் மார்ன் நதியில் முதல் சோதனை. நிமிர்ந்து நின்றால் காற்று வீணாகக் கொட்டியது. தலைகீழானால் வர மறுத்தது. குறையைத் திருத்தி, ஜூன் மாதம் கடலில் இறங்கினார் கூஸ்தோ. மனைவி சிமோன் மேலே நீந்தியபடி காவல் இருந்தார். உதவிக்கு ஓடி வர நண்பர் தூமா கரையில் காத்திருந்தார். சோதனை வெற்றி!

காற்றுக் கணக்கு

ஆழம் கூடக் கூடக் காற்று விரைவில் தீரும். தரையில் ஒரு மணி நேரம் வரும் காற்று, 10 மீட்டர் ஆழத்தில் அரை மணிக்குத்தான் வரும். 30 மீட்டரில் கால் மணிதான்! ஆகவே பழைய சிலிண்டர்களில் சிறிது காற்றைத் தனியே நிறுத்தி வைத்தார்கள். மூச்சு கனத்தால் ஒரு கம்பியை இழுக்க வேண்டும். மிச்சக் காற்று வரும். அது மேலே திரும்புவதற்கு மட்டுமே.

காற்று இருந்தால் போதுமா? அது சுத்தமாகவும் இருக்க வேண்டும். 1946-ல் வோக்ளூஸ் என்ற ஊரின் ஆழமான ஊற்றுக்குள் கூஸ்தோவும் தூமாவும் இறங்கினார்கள். இருவருக்கும் புத்தி மழுங்கியது. கை கால்கள் சோர்ந்தன. மேலே கயிற்றைப் பிடித்திருந்த நண்பர் ஃபார்க் அவர்களை இழுத்துக் காப்பாற்றினார்.

காரணம் என்ன? சிலிண்டரில் காற்று அடைத்த எஞ்சின், தன் புகையையே உள்ளே இழுத்து அடைத்து விட்டது. புகையில் இருந்த நச்சு வாயு மிகக் கொஞ்சம்தான். ஆழத்தில் அதன் வேகம் பல மடங்கு ஆயிற்று!

நண்பரின் முடிவு

அன்று உயிர் காத்த ஃபார்க்கின் கதி என்ன? 1947-ல் அவர் சுமார் 120 மீட்டர் ஆழம் இறங்கினார். அந்த ஆழத்தில் சாதாரணக் காற்றில் உள்ள நைட்ரஜன் மதுவைப் போல மயக்கும். மேலே இழுத்தபோது, மூச்சுக் குழாய் அவர் வாயில் இல்லை. எவ்வளவோ முயன்றும் உயிர் திரும்பவில்லை. நண்பர்கள் கலங்கி நின்றார்கள்.

கூஸ்தோ பின்னர் கலிப்சோ என்ற கப்பலில் கடல்களைச் சுற்றினார். அவர் எடுத்த கடல் படம் 1956-ல் கான் திரைப்பட விழாவில் முதற் பரிசு பெற்றது. 1997 ஜூன் 25-ந் தேதி, 87-வது வயதில் காலமானார்.

இன்று கடலில் மூழ்குவோரிடம் காற்றின் அளவு காட்டும் மானி இருக்கிறது. ஆபத்தில் துணைவருக்குக் கொடுக்க இரண்டாவது மூச்சுக் குழாயும் இருக்கிறது. தனியே இறங்காதே, திரும்பி வரக் காற்றை மிச்சம் வை, மேலே வரும்போது மூச்சை அடக்காதே, இவையே முதல் பாடங்கள்.

வீட்டுச் செலவுக்கும் இதே கணக்குதானே! கையிருப்பு முழுவதும் கரைந்த பிறகு திரும்ப நினைப்பவனுக்கு வழி ஏது?