விமானம் விழுந்தால் யார் பொறுப்பு? லாக்கர்பி குடும்பங்களுக்காகப் போராடிய லீ க்ரைண்ட்லர்

விமான விபத்தில் ஒருவர் இறந்துபோகிறார். குடும்பத்துக்கு இழப்பீடு யார் தரணும், எவ்வளவு தரணும்? இந்தக் கேள்வியோடு அரை நூற்றாண்டு நீதிமன்றப் படி ஏறியவர் அமெரிக்க வழக்கறிஞர் லீ க்ரைண்ட்லர்.

யார் இவர்?

1924-ல் பிறந்தவர். ஹார்வர்டில் சட்டம் படித்தார். அப்பா ஹாரியும் வக்கீல்தான். இருவரும் சேர்ந்து நடத்திய நியூயார்க் சட்ட நிறுவனம், விமான விபத்து வழக்குகளுக்கே பேர்போனது. விமான விபத்துச் சட்டம் பற்றி 1963-ல் லீ எழுதிய நூல் இந்தத் துறை வக்கீல்களுக்குப் பாடப் புத்தகம் மாதிரி.

அப்படி என்ன சிக்கல்?

1929 வார்சா ஒப்பந்தம்தான் சிக்கல். அப்போது விமானத் துறை சின்னக் குழந்தை. ஒரே விபத்தில் நிறுவனம் திவாலாகிவிடக் கூடாது என்று இழப்பீட்டுக்கு உச்சவரம்பு வைத்தார்கள். ஒரு பயணிக்கு சுமார் 8,300 டாலர். 1966-ல் அமெரிக்கா தொடர்புள்ள பயணங்களுக்கு இது 75,000 டாலர் ஆனது. அதுக்கு மேல வேணும்னா, நிறுவனம் தெரிந்தே தவறு செய்தது என்று குடும்பம்தான் நிரூபிக்கணும்.

லாக்கர்பியில் நடந்தது என்ன?

1988 டிசம்பர் 21. ஸ்காட்லாந்தின் லாக்கர்பி ஊருக்கு மேலே பான் ஆம் 103 விமானம் குண்டு வெடித்துச் சிதறியது. விமானத்தில் 259 பேர், தரையில் 11 பேர் என 270 பேர் பலி. குண்டு இருந்த சூட்கேஸோடு பயணி யாரும் ஏறவில்லை. பெட்டியையும் பயணியையும் ஒப்பிட்டுப் பார்க்காமல் எக்ஸ்ரேயை மட்டும் நம்பியது பான் ஆம். குடும்பங்களின் வக்கீல் குழுவுக்குத் தலைமை ஏற்ற க்ரைண்ட்லர் பிடித்த நூல் இதுதான். பான் ஆம் தெரிந்தே தவறியது என 1992-ல் ஜூரி சொன்னது. அதற்குள் பான் ஆம் நிறுவனமே மூடப்பட்டிருந்தது. பணம் தரவேண்டிய பொறுப்பு காப்பீட்டு நிறுவனங்கள் மேல் விழுந்தது.

லிபியா மீது வழக்கு போட முடிந்ததா?

முதலில் முடியவில்லை. ஒரு நாட்டு அரசை அமெரிக்க நீதிமன்றத்தில் நிறுத்தச் சட்டம் இடம் தரவில்லை. குடும்பங்கள் விடவில்லை. 1996-ல் சட்டம் திருத்தப்பட்டது, வழக்கு நகர்ந்தது. 2002-ல் லிபியா தரப்பிலிருந்து 270 கோடி டாலர் பேரம் வந்தது. குடும்பத்துக்கு 1 கோடி டாலர் வரை. அதுவும் ஒரே தவணையில் இல்லை; லிபியா மீதான தடைகள் விலக விலகத்தான் பணம். இது ரத்தப் பணம் என்று கொதித்த உறவினர்களும் உண்டு.

முடிவைப் பார்த்தாரா?

இல்லை. 2003 பிப்ரவரியில் க்ரைண்ட்லர் காலமானார். அதே ஆண்டு ஆகஸ்டில்தான் ஒப்பந்தம் கையெழுத்தானது. தன் அதிகாரிகளின் செயலுக்குப் பொறுப்பேற்பதாக ஐ.நா.வுக்கு லிபியா கடிதம் கொடுத்தது.

இப்போது என்ன நிலை?

1999-ல் உருவான மான்ட்ரியல் ஒப்பந்தம் 2003 நவம்பரில் நடைமுறைக்கு வந்தது. இந்தியா 2009-ல் சேர்ந்தது. இதன்படி, குறிப்பிட்ட தொகை வரை குடும்பம் யார் தப்பு என்று நிரூபிக்கவே வேண்டாம். அதற்கு மேல் கேட்டால், தன் மேல் தப்பில்லை என்று விமான நிறுவனம்தான் நிரூபிக்கணும். க்ரைண்ட்லர் காலத்தில் குடும்பங்கள் தலையில் இருந்த சுமை, இன்று நிறுவனத்தின் பக்கம்.