ஈழவேந்தன் பராக்கிரமபாகு

புதுக்கோட்டை மாவட்டத்தின் மேற்குப் பகுதியில் பொன்னமராவதி என்னும் பழம்பதி உள்ளது. ஈழநாட்டின் வரலாற்றைப் பாலி மொழியில் கூறும் சூளவம்சம் என்னும் நூலில் இவ்வூரின் பெயர் காணப்படுகின்றது. கடல் கடந்து வந்த ஈழப்படை ஒன்று 12-ஆம் நூற்றாண்டில் இப்பகுதி வரையில் புகுந்து போர் செய்தமையே அதற்குக் காரணமாகும். அப்படையை ஏவியவன் பொலன்னறுவையிலிருந்து ஆண்ட முதலாம் பராக்கிரமபாகு. மூன்றாகப் பிரிந்து கிடந்த நாட்டை ஒரு குடைக்கீழ்க் கொணர்ந்தவனும், பிளவுபட்டிருந்த பௌத்த சங்கத்தை ஒன்றாக்கியவனும், கடல்போன்ற ஏரியை அமைத்தவனும் அவனே. நம் மண்ணிற்குப் பகைவனாய்ப் படை விடுத்தவன் என்பதுபற்றி அவன் பெருமையை மறைத்தல் முறையாகாது. பெருமை மிக்கவன் என்பதுபற்றி அவன் படை செய்த கேட்டை மறைத்தலும் முறையாகாது.

அவன் பிறப்பதற்கு முன் ஈழம் இருந்த நிலையை முதற்கண் அறிதல் வேண்டும். கி. பி. 993-ஆம் ஆண்டளவில் முதலாம் இராசராச சோழனின் படை ஈழத்தின் பழைய தலைநகரான அனுராதபுரத்தை அழித்தது. பொலன்னறுவை சோழரின் தலைநகராகிச் சனநாதமங்கலம் என்னும் பெயர் பெற்றது. 1017-ஆம் ஆண்டில் இராசேந்திரன் ஐந்தாம் மகிந்தனைச் சிறைப்படுத்தி, ஈழம் முழுவதையும் வென்றான். 1070-ஆம் ஆண்டில் விசயபாகு என்னும் சிங்கள வேந்தன் சோழரை வெளியேற்றி நாட்டை மீட்டான். ஆனால் விகாரைகள் பாழடைந்து கிடந்தன. புதியவர்க்கு முறைப்படி துறவு அளிப்பதற்கும் போதிய பிக்குகள் இலர். அக்காலத்தில் பர்மா நாட்டை ஒன்றாக்கிப் பௌத்தத்தைப் போற்றி வளர்த்த அனவ்ரதா என்னும் அநுருத்த மன்னனிடம் விசயபாகு தூது விடுத்து, அங்கிருந்து பிக்குகளை வருவித்தான். இவ்வாறு ஈழத்தில் மீண்டும் சங்கம் தழைத்தது.

இவ்விசயபாகுவின் தங்கை மித்தை. அவளைச் சோழ மன்னன் மணம் பேசியபோது விசயபாகு இசையாது, பாண்டிய இளவரசன் ஒருவனுக்கு அவளை மணம் செய்வித்தான். அவர்களுடைய மகன் மானாபரணன். அவன் விசயபாகுவின் மகளான இரத்தினாவளியை மணந்தான். அவ்விருவருக்கும் 1123-ஆம் ஆண்டளவில் பிறந்த மைந்தனே பராக்கிரமபாகு. ஆகவே அவனுடைய தந்தைவழிப் பாட்டன் ஒரு பாண்டியன் என்பது நினைவிற்கொள்ளத் தக்கது.

விசயபாகுவுக்குப் பின் அரசுரிமைப் போர் மூண்டு, நாடு மூன்று கூறாயிற்று. வடக்கே பொலன்னறுவையைச் சூழ்ந்த இராசரட்டை, தென்மேற்கே தக்கிணதேசம், தென்கிழக்கே உரோகணம் என்பன அவை. தக்கிணதேசத்தை ஆண்ட மானாபரணன் மகன் சிறுவனாய் இருக்கும்போதே இறந்தான். பராக்கிரமபாகு சிற்றப்பன்மாரிடம் வளர்ந்தான். இளைஞனானதும், சிறிய தந்தைக்கு அறிவியாமலே நாட்டைவிட்டு நீங்கிப் பொலன்னறுவை வேந்தன் கசபாகுவின் நாட்டை அடைந்தான். அங்கு விருந்தினனாய்த் தங்கி, அந்நாட்டின் வலிமையையும் குறையையும் ஒற்றி அறிந்தான். ஒற்றரை ஆளுதல் அரசர்க்கு உரியது என்று வள்ளுவரும் கூறியுள்ளார். ஆயினும், விருந்துண்ட வீட்டையே ஒற்றுதல் நம் உள்ளத்திற்கு உவப்பாய் இல்லை. அவனைப் புகழ்ந்து பாடும் சூளவம்சம் இதனை அவனது திறமையாகவே எடுத்துரைக்கின்றது.

சிறிய தந்தை இறந்தபின், 1140-ஆம் ஆண்டளவில் தக்கிணதேசம் அவனுக்கு உரியதாயிற்று. முடி சூடியதும் அவன் வாளை எடுக்கவில்லை. மண்வெட்டியை எடுக்கச் செய்தான். மலைவளமும் ஆற்றுவளமும் இருந்தும் நீர் வீணே கடலில் கலத்தலைக் கண்டான். மழைநீரில் சிறு துளியும் மக்களுக்குப் பயன்படாமல் கடலை அடைதல் கூடாது என்பது அவன் கொள்கை. தெதுறு ஓயா என்னும் ஆற்றின் குறுக்கே முன்பு கட்டப்பெற்ற அணை உடைந்து கிடந்தது. அதனை மீண்டும் கட்டுதல் இயலாது என்றும், கட்டினும் நில்லாது என்றும் அதிகாரிகள் கைவிரித்தனர். இராமன் குரங்குகளைக் கொண்டு கடலுக்கு அணை கோலிய கதையைச் சொல்லி, அவன் அவர்களை ஊக்கினான் என்று நூல் கூறுகின்றது. அணை எழுந்தது, காடு கழனியாயிற்று, களஞ்சியமும் நிறைந்தது. களஞ்சியம் நிறைந்த பின்னரே அவன் படை திரட்டினான்.

அடுத்து நிகழ்ந்தது நீண்ட உள்நாட்டுப் போர். பராக்கிரமபாகுவின் படை பொலன்னறுவையைப் பிடித்துக் கசபாகுவைச் சிறை செய்தது. வென்ற வீரர் நகரைக் கொள்ளையிட்டமையால் மக்கள் வெறுப்புற்று, உரோகணத்து இளவரசனை அழைத்தனர். அவனும் தன் பெரிய தந்தையின் பெயரான மானாபரணன் என்பதையே உடையவன். அவன் வந்து நகரைக் கைக்கொண்டு கசபாகுவைக் கொடுமைப்படுத்தினான். துன்பம் பொறாத கசபாகு பராக்கிரமபாகுவிடமே உதவி வேண்டினான். பராக்கிரமபாகு அவனை விடுவித்தான். நன்றி மறவாத கசபாகு, தனக்குப்பின் நாடு பராக்கிரமபாகுவுக்கே உரியது என மெதிரிகிரி விகாரையில் கல்லில் பொறிக்கச் செய்து, கந்தளாயில் வாழ்ந்து 1153-ஆம் ஆண்டில் மறைந்தான். மானாபரணனும் போரில் தோற்று இறந்தான். எனினும் உரோகணம் பணியவில்லை. மானாபரணனின் தாய் சுகலாதேவி, புத்தரின் பல் முதலிய புனிதச் சின்னங்களைத் தன்பால் வைத்துக்கொண்டு எதிர்த்து நின்றாள். ஒரு பெண்ணரசி பேரரசன் ஒருவனைப் பல்லாண்டுகள் அலைக்கழித்த வரலாறு தனியே எழுதத் தக்கது. இறுதியில் அவளும் அகப்பட்டாள். புனிதச் சின்னங்கள் பொலன்னறுவையை அடைந்தன.

நாட்டை ஒன்றாக்கியதினும் சங்கத்தை ஒன்றாக்குதல் அரிதாயிற்று. மகாவிகாரை, அபயகிரி, சேதவனம் என்னும் மூன்று பிரிவினர் பல நூற்றாண்டுகளாகத் தம்முள் மாறுபட்டிருந்தனர். துறவியர் சிலர் இல்லறத்தாரைப் போல மனைவி மக்களோடும் வாழ்ந்தனர். 1165-ஆம் ஆண்டில் திம்புலாகலையைச் சேர்ந்த மகாகாசியபர் என்னும் தேரரின் தலைமையில் அவை கூட்டி, ஒழுக்கம் தவறியோரை நீக்கி, எஞ்சியோரை ஒரே சங்கமாக்கினான். பிக்குகள் கடைப்பிடிக்க வேண்டிய ஒழுங்குகளைப் பாறையில் பொறித்தான். கல்விகாரை என இன்று வழங்கும் அவ்விடத்தில், ஒரே பாறையில் நான்கு புத்தர் உருவங்கள் செதுக்கப்பெற்றுள்ளன. அவற்றுள் பள்ளிகொண்ட உருவம் ஏறத்தாழ 46 அடி நீளமுடையது. அதே நகரில் சோழர் காலத்துச் சிவன்கோயில்களும் இன்றளவும் நிற்கின்றன.

அவன் ஆட்சியில் அமைக்கப்பெற்றனவும் செப்பனிடப்பெற்றனவுமாகிய 163 பெரிய ஏரிகளையும், 2,376 சிறிய ஏரிகளையும், 3,910 வாய்க்கால்களையும், 165 அணைகளையும் சூளவம்சம் கணக்கிடுகின்றது. புலவரின் கணக்கில் சற்று மிகை இருத்தல் கூடும். ஆயினும், பராக்கிரம சமுத்திரத்தைக் கண்டவர் அக்கணக்கை எளிதில் ஒதுக்கார். தனித்தனியே இருந்த ஏரிகளை ஏறத்தாழ 14 கிலோமீட்டர் நீளமுள்ள கரையால் இணைத்து, அம்பன் கங்கையில் அணையிட்டு, கால்வாய் வழியாக நீர் கொணர்ந்து அதனை நிரப்பினர். கண்மாய் நீரை நம்பி வாழும் நம் பகுதி உழவர்க்கு இதன் அருமையை விளக்கிக் கூறவேண்டுவதில்லை.

வாணிகத்தையும் அவன் பேணினான். யாழ்ப்பாணத்தை அடுத்த நயினாதீவில் அவனுடைய கல்வெட்டொன்று தமிழிலேயே உள்ளது. ஊர்காவற்றுறைக்கு வரும் அயல்நாட்டு வணிகர்க்குக் காவல் அளிக்கவேண்டும் என்பதும், யானையும் குதிரையும் கொணரும் மரக்கலம் உடைந்தால் காற்பங்கு அரசுக்கும் முக்காற்பங்கு உடையவனுக்கும் உரியன என்பதும், பிற வணிகக் கலம் உடைந்தால் சரிபாதி என்பதும் அதன் ஆணைகள்.

இத்துணைப் பெருமையுடைய அரசனின் உள்ளம் கடலுக்கு அப்பாலும் சென்றது. விசயபாகுவுக்குப் பிக்குகளை அளித்த பர்மாவின் மீதே, யானை வாணிகத்தில் நேர்ந்த பூசலாலும் தூதர்க்கு நேர்ந்த இழிவாலும், 1165-ஆம் ஆண்டளவில் கப்பற்படை விடுத்தான். புயலில் கலங்கள் பல சிதறியும் சில கரை சேர்ந்து போர் புரிந்தன.

அதன்பின் வந்தது பாண்டிநாட்டுப் போர். மதுரையில் பராக்கிரம பாண்டியனைக் குலசேகர பாண்டியன் முற்றுகையிட்டான். உள்ளே அகப்பட்டவன் ஈழத்தின் உதவியை வேண்டினான். உதவி வருமுன் அவன் கொல்லப்பட்டான். எனினும் பராக்கிரமபாகு தன் தண்டநாயகன் இலங்காபுரனை ஏவி, இறந்தவனின் மகன் வீரபாண்டியனை அரியணையில் ஏற்றப் பணித்தான். ஈழப்படை இராமேசுவரத்தைக் கைக்கொண்டு, ஊர் ஊராய் முன்னேறிப் பொன்னமராவதிப் பகுதியையும் அடைந்தது. சிறைப்பட்ட தமிழர் ஈழத்துக்கு அனுப்பப்பெற்றுத் தாதுகோபத் திருப்பணிகளில் வேலை செய்விக்கப்பட்டனர். பொலன்னறுவையில் முற்றுப்பெறாமல் நிற்கும் பெருந்தாதுகோபம் ஒன்றிற்குத் தமிழ மகாசேயம் என்னும் பொருளுடைய சிங்களப் பெயர் இன்றும் வழங்குகின்றது.

சூளவம்சம் இப்போரை இலங்காபுரனின் வெற்றியோடு நிறுத்திவிடுகின்றது. எஞ்சியதைச் சோழர் கல்வெட்டுகளே கூறுகின்றன. ஈழப்படை இராமேசுவரக் கோயிலை அடைத்துப் பூசையை நிறுத்திப் பண்டாரத்தைக் கவர்ந்தது என்றும், அஞ்சிய சம்புவராயன் வேண்டியபடி ஞானசிவதேவர் 28 நாள் வழிபாடு செய்தார் என்றும் காஞ்சியை அடுத்த ஆர்ப்பாக்கத்துக் கல்வெட்டு தெரிவிக்கின்றது. இரண்டாம் இராசாதிராச சோழனின் தண்டநாயகர் பல்லவராயர் ஈழப்படையை வென்று, இலங்காபுரன் முதலியோரின் தலைகளை மதுரைக் கோட்டை வாயிலில் அறைந்து வைத்தார் என்று மற்றொரு கல்வெட்டு கூறும். பின்னர்ப் பராக்கிரமபாகு, எவனைத் தண்டிக்கப் படை விடுத்தானோ அக்குலசேகரனையே நண்பனாக்கிக்கொள்ள முயன்றான். அம்முயற்சியும் பயனற்றுப்போக, சோழர் குலசேகரனை நீக்கி வீரபாண்டியனை அரியணை ஏற்றினர். யாருக்காக ஈழவீரர் மடிந்தனரோ, அவன் சோழரின் துணையால் முடி சூடினான்.

முப்பத்துமூன்று ஆண்டுகள் ஆண்ட பராக்கிரமபாகு 1186-ஆம் ஆண்டில் இறந்தான். அடுத்து முடி சூடியவன் ஓராண்டுக்குள் கொல்லப்பட்டான். நிசங்கமல்லன் ஒருவனே சில ஆண்டுகள் நிலையாய் ஆண்டான். 1215-ஆம் ஆண்டில் கலிங்கத்து மாகன் படையெடுத்து வந்து பொலன்னறுவையைக் கைப்பற்றினான். காலப்போக்கில் நகரைக் காடு மூடியது. சமுத்திரத்தின் கரையும் உடைந்தது. 20-ஆம் நூற்றாண்டின் நடுவில் அக்கரை செப்பனிடப்பெற்றது. இன்று அதன் நீரால் நெல் விளைகின்றது. கரையை அடுத்த பாறையில், கையில் ஏடு ஏந்தியது போன்று 11 அடிக்கு மேற்பட்ட மனித உருவம் ஒன்று செதுக்கப்பெற்றுள்ளது. அது முனிவர் ஒருவரின் உருவம் என்பார் ஆராய்ச்சியாளர் சிலர். பராக்கிரமபாகுவே அவன் என்பர் அவ்வூர் மக்கள்.