பிரிட்ஜோப் நான்சன்

பிரிட்ஜோப் நான்சன் (அக்டோபர் 10, 1861 – மே 13, 1930) நோர்வே நாட்டைச் சேர்ந்த துருவ ஆய்வுப்பயணியும் கடலியலாளரும் ஆவார். அகதிகளுக்கு ஆற்றிய பணிக்காக 1922 ஆம் ஆண்டின் அமைதிக்கான நோபல் பரிசைப் பெற்றார்.

பிராம் பயணம்

1881 இல் சைபீரியாவுக்கு வடக்கே பனியில் நசுங்கி மூழ்கிய ஜெனெட் கப்பலின் சிதைவுகள், 1884 இல் கிரீன்லாந்தின் தென்மேற்குக் கரையில் கண்டெடுக்கப்பட்டன. எனவே ஆர்க்டிக் பெருங்கடலின் குறுக்கே ஒரு நீரோட்டம் உண்டு என நான்சன் கருதினார். இதனை நிறுவ, பனி நெருக்கும்போது நசுங்காமல் மேலெழும்பும் வகையில் பிராம் என்னும் கப்பல் கட்டப்பட்டது. இத்திட்டம் ஆபத்தானதெனத் துருவப் பயணிகள் பலர் கண்டித்தனர். எனினும் 1893 இல் புறப்பட்ட நான்சன், கப்பலைப் பனியில் உறையவிட்டார். 1895 மார்ச்சில் யால்மர் யோகான்சனுடன் நாய்வண்டிகளில் புறப்பட்டு, 86°14′ வட அகலாங்கு வரை சென்று திரும்பினார். பனியோடு நகர்ந்த பிராம், 1896 ஆகத்து மாதத்தில் இசுபிட்சுபெர்கனுக்கு வடக்கே பாதுகாப்பாக வெளிவந்தது.

அறிவியல் பங்களிப்பு

ஆர்க்டிக் பெருங்கடல் 3,000 மீட்டருக்கும் மேல் ஆழமுடையது என்பதும், குளிர்ந்த மேற்பரப்பு நீருக்கு அடியில் அத்திலாந்திக்கின் வெப்பமான, உப்பு மிகுந்த நீர் பாய்கிறது என்பதும் இப்பயண அளவீடுகளால் அறியப்பட்டன. பனி, காற்றின் திசைக்கு வலப்புறமாக விலகி நகர்வதையும் நான்சன் கண்டறிந்தார். புவிச் சுழற்சியால் நிகழும் இதற்கு எக்மன் 1905 இல் கணித விளக்கம் அளித்தார். பனியின் நகர்வைச் செயற்கைக்கோள்கள் அளக்கும் காலத்திலும், 2019–2020 இல் போலார்சுடெர்ன் என்ற செருமானியக் கப்பல் நான்சனின் முறையிலேயே பனியில் உறைந்து மிதந்து ஆய்வு நடத்தியது.