நிகழ்தகவின் பொருள் தேடிய மகலனோபிஸ்

பிரசாந்த சந்திர மகலனோபிஸ் 1893 ஜூன் 29ஆம் திகதி கல்கத்தாவில் பிறந்தார். கேம்பிரிட்ஜில் பௌதிகவியல் கற்ற காலத்தில் கணித மேதை இராமானுஜன் அவரது நண்பர். 1915இல் தாயகம் திரும்பும் கப்பலில் வாசித்த ‘பயோமெட்ரிக்கா’ சஞ்சிகை அவரைப் புள்ளிவிபரவியலின் பக்கம் திருப்பியது. 1931இல் இந்தியப் புள்ளிவிபர நிறுவகத்தைத் தொடங்கினார்.

அவரது வரலாற்றை வாசித்தபோதுதான், கணித பாடத்தில் நாம் கணிக்கும் நிகழ்தகவுக்குப் பல பொருள்கள் உண்டென்பதை அறிந்தேன். தாயக்கட்டையில் நான்கு விழ ஆறிலொரு வாய்ப்பு என்கிறோம். ஆறு முகங்களும் சமமானவை என்பதே அதன் ஆதாரம். பலமுறை உருட்டி, நான்கு விழுந்த தடவைகளை எண்ணியும் கூறலாம். இது மீடிறன் வழி. கையிலுள்ள சான்றுகளைக் கொண்டு, ஒன்று நடக்கும் என நாம் எவ்வளவு நம்புகிறோம் என்பது மூன்றாவது வழி. கூட்டல், பெருக்கல் விதிகள் மூன்றுக்கும் ஒன்றே. அந்த எண் எதைக் குறிக்கிறது என்பதில்தான் வேறுபாடு.

1926இல் ஒரிசாவின் பிராமணி நதி பெருக்கெடுத்தது. ஆற்றின் அடித்தளம் உயர்ந்துவிட்டதென நம்பிய பொறியியலாளர்கள், கரையணைகளை உயர்த்தச் சொன்னார்கள். மகலனோபிஸ் ஏறத்தாழ 60 ஆண்டுத் தரவுகளை ஆராய்ந்தார். அடித்தளம் உயரவில்லை, மேற்பகுதியில் பெய்த அதிக மழையே காரணம் எனக் காட்டினார். நிபுணர்களின் நம்பிக்கையை எண்ணிக்கை திருத்தியது.

நுகேகொடையில் வாழும் எனக்கு இது தூரத்துக் கதையல்ல. 2016 மே மாதம் களனி கங்கை பெருகிக் கொலன்னாவை மூழ்கியதை நாமறிவோம். நூறாண்டுக்கொரு வெள்ளம் என்றால் இனி 99 ஆண்டுகள் அச்சமில்லை என்று பலர் எண்ணுகிறார்கள். ஆண்டுதோறும் நூறிலொரு வாய்ப்பு என்பதே அதன் பொருள். அப்படியானால், 30 ஆண்டுகளில் ஒரு தடவையேனும் வர ஏறத்தாழ 26 சதவீத வாய்ப்புண்டு. வீடு வாங்கும் பெற்றோருக்கு இந்த வேறுபாடு பெரிது.

1954இல் மகலனோபிஸ் புள்ளிவிபரவியலின் அடிப்படைகளைப் பற்றி ஒரு கட்டுரை எழுதினார். ஒருவகையில் உண்டு, ஒருவகையில் இல்லை, ஒருவகையில் சொல்லமுடியாது என்று விரியும் சமணரின் சியாத்வாதத்தில் நிகழ்தகவுச் சிந்தனையின் சாயலைக் கண்டார். ஆம், இல்லை என்ற இரண்டுக்குமிடையே நிற்கும் நிச்சயமின்மையும் அறிவின் ஒரு நிலையே என்று அந்தத் தருக்கம் ஏற்கிறது. அந்த நிலைக்கு அளவு காண அவதானிப்பும் எண்ணிக்கையும் உதவுகின்றன.

1972 ஜூன் 28ஆம் திகதி, 79ஆவது பிறந்தநாளுக்கு முதல்நாள் அவர் காலமானார். அவரது பிறந்த தினத்தை இந்தியா தேசிய புள்ளிவிபர தினமாகக் கொண்டாடுகிறது. தோழியரே, அடுத்த தடவை யாராவது ஒரு சதவீதத்தைச் சொன்னால், அது எண்ணிப் பெற்றதா, நம்பிச் சொன்னதா என்று கேட்டுப் பாருங்கள்.